வரியா, கலர் வட்டமா, கன்டீன் சட்டமா, கருத்தரங்கா: எங்கட சங்கம் எதைப் பிடிக்கிறது?

போன மூண்டு மாசத்துக்குள்ள எங்கட திருகோணமலைப் பக்கத்தில ஒரே கேள்வி நாலு பக்கத்தால வந்திட்டுது. பாலையூற்றுப் பக்கத்து மாதர் சங்கத் தலைவி ஒராள், கிண்ணியாவில பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில இருக்கிற ஒரு வாப்பா, மூதூர்ல விளையாட்டுக் கழகப் பொடியன் ஒராள், கடைசியா எங்கட சங்கக் கூட்டத்திலயே ரெண்டு மணித்தியாலம் இதுதான் கதை. விஷயம் இதுதான். சீனி வருத்தம், பிரஷர், ஹார்ட், கிட்னி, இந்தத் தொற்றா நோய்களைத் தடுக்க ஊர் ஆக்கள் என்ன கேட்கிறீங்க எண்டு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் கூட்டத்தில கேட்டா எதைச் சொல்றது, சங்கத்துக்கு வருஷத்தில ஒரு விஷயத்தைத்தான் முழுசா இழுத்துச் செய்ய ஏலும், ஆளும் இல்ல காசும் இல்ல, அப்ப எதைப் பிடிக்கிறது?

இதை நான் சும்மா எழுதல்ல. எங்கட அப்பாவுக்கு 18 வருஷம் சீனி வருத்தம். செருப்பு வார் உரசின ஒரு சின்னப் புண், காஞ்சிடும் எண்டு மஞ்சள் வைச்சுக்கொண்டு இருந்தவர், முதல்ல ரெண்டு விரல், பிறகு முழங்காலுக்குக் கீழ முழுக்காலும் போயிட்டுது. அப்பாவுக்கு ஒண்டும் தெரியாம இல்ல. கிளினிக்ல சொன்ன எல்லாம் மனப்பாடம், சீனியைக் குறை, நட, காலைப் பார், எல்லாத்தையும் எங்களுக்கே திருப்பிச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே மூண்டு கரண்டி போட்ட பிளேன்டியைக் குடிப்பார். அதால "சனத்துக்கு அறிவு இல்ல, அறிவைக் குடுத்தாச் சரி" எண்டு ஆராவது சொன்னா எனக்கு உடனே மனசு ஒத்துக்கொள்ளாது.

இலங்கையில நடக்கிற மரணங்கள்ல 83 சதவீதம் தொற்றா நோயால எண்டு உலக சுகாதார ஸ்தாபனம் 2018 ல போட்ட கணக்கு சொல்லுது. நூறு சாவுவீட்டில எண்பத்துமூண்டு. அரசாங்கம் ஒண்டும் செய்யாம இல்ல, 2010 ல தேசியக் கொள்கை வந்தது, 2016 தொடக்கம் 2020 வரைக்கும் ஒரு செயல்திட்டம் இருந்தது. கொள்கை இருக்கு, எங்கட வீட்டு வாசல் வரைக்கும் எது வருது எண்டதுதான் கேள்வி.

எதை வைச்சு அளக்கிறது

தெரிவுகளைப் பார்க்க முதல் அளவுகோலைச் சொல்லிடுறன், இல்லாட்டி ஆளாளுக்குப் பிடிச்சதைத்தான் நல்லதெண்டு சொல்லுவம். எங்கட கூட்டத்தில கடைசியா அஞ்சு கேள்வியில வந்து நிண்டம்.

ஒண்டு, இது ஆருக்குப் போய்ச் சேருது? கூட்டத்துக்கு வராத ஆளுக்கும் சேருமா? இரவு கடலுக்குப் போய் விடிய வள்ளம் இழுக்கிற ஆளுக்கு, ஓட்டோ ஸ்டாண்டில நிக்கிறவனுக்கு? ரெண்டு, இதில ஆரட காசு போகுது, ஆரட நேரம் போகுது? மூண்டு, தனி ஆளட மனவுறுதியை நம்பி இருக்கா இல்லையா? நாலு, சட்டம் எண்டா அதை ஆர் பார்க்கிறது, ஆர் வழக்குப் போடுறது? அஞ்சு, எங்கட கைக்கு எட்டுமா, இல்ல கொழும்பில ஆராவது செய்யணுமா?

இதில மூண்டாவதுதான் எனக்குப் பெரிசு. அப்பாட கதையால அப்பிடி நினைக்கிறன் எண்டு சொன்னாலும் பரவாயில்ல.

முதல் தெரிவு: வரி

சிகரெட், சாராயம், சீனிப் பானம், இதுகளுக்கு வரியைக் கூட்டிறது. உலகத்தில ஆதாரம் கூடின வழி எண்டா இதுதான், அதை மறைக்க ஏலாது. மெக்சிகோவில 2014 ஜனவரியில ஒரு லீட்டர் சீனிப் பானத்துக்கு ஒரு பெசோ வரி போட்டாங்க, முதல் வருஷமே வாங்கிறது சராசரி 6 சதவீதமளவில குறைஞ்சது, வருமானம் குறைஞ்ச வீடுகள்ல இன்னும் கூடக் குறைஞ்சது. பிரித்தானியாவில செய்தது எனக்கு இன்னும் பிடிக்கும். 2016 ல அறிவிச்சு 2018 ஏப்ரல்லதான் நடைமுறைக்குக் கொண்டுவந்தாங்க, 100 மில்லிலீட்டருக்கு 5 கிராமுக்குக் கீழ சீனி இருந்தா வரியே இல்ல. கம்பனிகள் அந்த ரெண்டு வருஷத்துக்குள்ள தாங்களாவே சீனியைக் குறைச்சிட்டாங்க. குடிக்கிற ஆளுக்கு ஒரு முயற்சியும் இல்ல, போத்தலுக்குள்ள இருக்கிறதே மாறிப்போச்சு.

எங்கட நாட்டிலயும் 2017 நவம்பர்ல சீனிப் பானத்துக்கு ஒரு கிராமுக்கு 50 சதம் எண்டு வரி வந்தது. 400 மில்லி போத்தல்ல 42 கிராம் சீனி இருந்தா 21 ரூபா. அந்த நேரத்து விலைக்கு அது சரியான அடி. ஆனா பிறகு அந்த வீதத்தைக் குறைச்சாங்க. கிராமுக்கு இத்தினை சதம் எண்டு நிலையா வைக்கிற வரியில ஒரு பிரச்சினையும் இருக்கு, சாமான் விலையெல்லாம் ஏற ஏற வரி அதே இடத்தில நிண்டா அது தன்ர பாட்டில ஒண்டுமில்லாமப் போயிடும், 2022 ல விலைவாசி என்ன பாடு பட்டது எண்டு எல்லாருக்கும் தெரியும்.

வெளியில தெரியாத செலவு எண்டு பார்த்தா ரெண்டு மூண்டு இருக்கு. சிகரெட் விலை ஏறினா எங்கட பக்கத்து ஆக்கள் பீடிக்குப் போறாங்க, சாராயம் ஏறினா சில இடத்தில கசிப்பு எண்ட கள்ளச் சாராயம். டென்மார்க்கில 2011 ல கொழுப்புக்கு வரி போட்டு, சனம் எல்லை தாண்டி ஜேர்மனிக்குப் போய் வாங்கி, கிட்டத்தட்ட ஒரு வருஷத்தோட அதை எடுத்திட்டாங்க. அதோட வரி குறைஞ்சா அது அப்பிடியே கடை விலைக்கு வரும் எண்டு நம்ப ஏலாது, 2020 ஒக்டோபர்ல ஒரு கிலோ சீனி வரியை 50 ரூபாவில இருந்து 25 சதமாக்கினாங்க, வீட்டில சீனி வாங்கின ஆருக்கும் அந்த 50 ரூபா குறைஞ்ச மாதிரி ஞாபகம் இருக்கா? 2023 நவம்பர்ல திரும்ப 50 ரூபாவாக்கினாங்க, அது மட்டும் உடனே கடையில தெரிஞ்சது.

எங்கட வீடுகளுக்கு முக்கியமான இன்னொண்டு, சீனி எங்களுக்குப் போத்தலால மட்டுமா வருது? தேத்தண்ணியாலதான் கனக்க வருது. பானத்துக்குப் போடுற வரி எங்கட அப்பாவைத் தொடவே இல்ல, அவர் வாழ்க்கையில சோடா குடிச்சது கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும்தான்.

அப்ப வரி வேணாமா? வேணும். அது நாடு முழுக்கச் சேரும், மனவுறுதி தேவையில்ல, கூட்டத்துக்கு வராத ஆளுக்கும் பிடிக்கும். ஆனா திருகோணமலையில ஒரு சங்கம் அதை ஒரு வருஷத்து வேலையா எடுக்க ஏலாது. எம்.பி. ஆருக்காவது கடிதம் எழுதலாம், எழுதோணும், அதுக்கு ஒரு பின்னேரம் போதும்.

ரெண்டாவது: கலர் வட்டம்

போத்தல்ல சிவப்பு, அம்பர் (செம்மஞ்சள்), பச்சை வட்டம் இருக்கே, அது 2016 ஓகஸ்ட்ல வந்த சட்டம். 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல சீனி இருந்தா சிவப்பு, 2 கிராமுக்குக் கீழ இருந்தா பச்சை, நடுவில எல்லாம் அம்பர். பிறகு சாப்பாட்டுப் பக்கெட்டுகளுக்கும் சீனி, உப்பு, கொழுப்பு மூண்டுக்கும் இதே மாதிரி வட்டம் வந்தது.

நல்ல யோசனை. எழுத வாசிக்கத் தெரியாட்டியும் விளங்கும், சிங்களம் தமிழ் பிரச்சினை இல்ல, காசும் செலவில்ல. ஆனா அந்த அம்பரைக் கொஞ்சம் கிட்டப் பாருங்க. 10.5 கிராம் சீனி இருக்கிற பானம் அம்பர். 400 மில்லி போத்தலை ஒரு பிள்ளை முழுசாக் குடிச்சா 42 கிராம், தேக்கரண்டிக் கணக்கில பத்துக்கு மேல. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழ இருந்தா நல்லம், எந்தக் காரணத்துக்கும் 50 கிராமைத் தாண்ட வேணாம் எண்டுதான் உலக சுகாதார ஸ்தாபனம் பெரிய ஆளுக்கே சொல்றது. அப்ப ஒரு அம்பர் போத்தலோட பிள்ளையட கணக்கு முடிஞ்சுது. அம்மாமார் என்ன நினைக்கிறாங்க? "சிவப்பில்லத்தானே, குடு" எண்டு. எங்கட சங்கத்தில கேட்டுப் பார்த்தன், பதினொரு பேர்ல எட்டுப் பேர் அம்பர் எண்டா பரவாயில்ல எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தவங்க.

சிலியில 2016 ஜூன்ல செய்தது வேற மாதிரி. நடுக் கலரே இல்ல, அளவு தாண்டினா கறுப்பு எண்கோணம், அந்தக் கறுப்பு விழுந்த சாமானைப் பள்ளிக்கூடத்துக்குள்ள விக்கவே ஏலாது, பிள்ளைகளுக்கு விளம்பரமும் போட ஏலாது. லேபலோட ஒரு தடையும் சேர்ந்து வந்தபடியாத்தான் அது வேலை செய்யுது. பின்லாந்தில 1993 ல இருந்து உப்புக் கூடின சாப்பாட்டுக்கு "உப்புக் கூட" எண்டு எழுதோணும் எண்டு வந்தது, அப்பிடி எழுதுறதுக்கு விருப்பமில்லாத கம்பனிகள் உப்பைக் குறைச்சாங்க. அப்ப வட்டம் எண்டது சனத்துக்குப் பாடம் படிப்பிக்கிறதை விடக் கம்பனிக்கு அழுத்தம் குடுக்கிறதுக்குத்தான் கூட உதவுது.

எங்கட ஊருக்குப் பெரிய ஓட்டை எது எண்டா, வட்டம் பக்கெட்டுக்குத்தான். பேக்கரி பணிசுக்கு வட்டம் இல்ல, ரோல்ஸுக்கு இல்ல, இரவு றோட்டோரம் கொத்துக்கு இல்ல, பின்னேரம் பாட்டுப் போட்டுக்கொண்டு வாற பாண் ஓட்டோவுக்கு இல்ல, புல்மோட்டைப் பக்கத்தில இருந்து வாற கருவாட்டுக்கும் இல்ல. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, தட்டையா ஒரு தேக்கரண்டி, அதுக்கு மேல வேணாம் எண்டு சொல்றாங்க, கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில அந்தக் கணக்கு எங்க போகும் எண்டு நீங்களே யோசிச்சுப் பாருங்க. நாங்க சாப்பிடுறதில முக்காவாசி லேபல் ஒட்டாத சாப்பாடு.

மூண்டாவது: பள்ளிக்கூட கன்டீனும் கேற்றடிக் கடையும்

இதைக் கொஞ்சம் நீளமா எழுதப் போறன், ஏனெண்டா எங்கட கைக்கு எட்டுறது இதுதான், பிழைக்கிறதும் இதிலதான்.

பள்ளிக்கூட கன்டீன்ல என்ன விக்கலாம் என்ன விக்க ஏலாது எண்டு கல்வி அமைச்சுட சுற்றறிக்கை இருக்கு. சோடா மாதிரிப் பானம் விக்க ஏலாது. புதுச் சட்டம் ஒண்டும் கேட்கத் தேவையில்ல, இருக்கிறதை நடத்தச் சொன்னாப் போதும். அதிபருக்குப் பொறுப்பு இருக்கு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கலாம், பெற்றோர் பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தில இருக்காங்க. அஞ்சு கேள்வியில நாலுக்கு நல்ல பதில்.

ஏன் நடக்குதில்ல? எங்கட பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில நாங்க தோண்டிப் பார்த்தம். கன்டீனைக் குத்தகைக்கு விடுறாங்க. கூடின காசு கேட்டவருக்குக் குடுக்கிறாங்க, அந்தக் காசுலதான் பள்ளிக்கூடத்துக்குச் சோக், ஃபோட்டோக் கொப்பி, தண்ணிக் குழாய் திருத்திறது எல்லாம் நடக்குது. குத்தகை எடுத்தவர் அந்தக் காசை எங்க இருந்து எடுப்பார்? ரோல்ஸ், பற்றிஸ், கலர்த் தண்ணி இதுகள்லதான். கஞ்சியில லாபம் வராது. அவரில பிழை சொல்லி வேலையில்ல, குத்தகைக் காசு கூடக் கூட சாப்பாடு மோசமாகும், அவ்வளவுதான் கணக்கு. அதால நாங்க அதிபரிட்டப் போய் முதல்ல கேட்டது சாப்பாட்டுப் பட்டியல் இல்ல, குத்தகைக் காசைக் குறைக்க ஏலுமா எண்டுதான். குறைஞ்ச மிச்சத்தைப் பழைய மாணவர்கள்ட்டக் கேட்டம், முழுக்கக் கிடைக்கல்ல, பாதி கிடைச்சது.

பிறகு கடலை. அவிச்ச கடலை எண்டு பட்டியல்ல எழுதுறது லேசு. முதல் கிழமை வைச்சது அப்பிடியே சட்டியோட திரும்பி வந்தது. பிள்ளைகள் "உறைக்குது" எண்டாங்க, சின்னவங்க "கையில பிடிக்க ஏலாது" எண்டாங்க. கடலை அவிக்கிற அக்கா, அவவுக்கு ஆரும் படிப்பிக்கல்ல, தானா யோசிச்சு அடுத்த கிழமை செத்தல் மிளகாயைக் குறைச்சு, தேங்காயைச் சின்னச் சின்னச் சொட்டா வெட்டிப் போட்டு, கொப்பித் தாளைச் சுருளாச் சுத்தி, பிறகு அந்த மையும் கூடாது எண்டு வெள்ளைத் தாளுக்கு மாத்தி, அதில போட்டுக் குடுத்தா. மூண்டாம் நாள் இன்டர்வெல் மணி அடிச்சுப் பத்து நிமிஷத்தில சட்டி காலி. ஒரு பொடியன் ரெண்டாம் தரம் வந்து, கையில காசைப் பொத்திக்கொண்டு, "முடிஞ்சுதா அன்ரி?" எண்டு சட்டிக்குள்ள எட்டிப் பார்த்தான். அந்தப் பிள்ளைக்கு ஆரும் கருத்தரங்கு வைக்கல்ல. அவன்ர முன்னால என்ன இருந்ததோ அதைச் சாப்பிட்டான்.

ஆனா சுற்றறிக்கையட பலம் கேற்றோட முடிஞ்சுடும். கேற்றுக்கு வெளியில கடை. எங்கட பள்ளிக்கூடத்தடிக் கடைக்காரம்மா புருஷனை இழந்தவ, மூண்டு பிள்ளை, அந்தக் கடையிலதான் சீவியம். கடைக்குள்ள கம்பனி குடுத்த ஃபிரிட்ஜ், கம்பனிட கலர், கண்ணுக்கு நேரா கம்பனிட போத்தல், தண்ணி கீழ் தட்டில காலடியில. ஃபிரிட்ஜைக் குடுத்தா தங்கட சாமானை முன்னுக்கு வைக்கோணும் எண்டு சொல்லித்தான் குடுக்கிறாங்க. பொலிஸைக் கூட்டிக்கொண்டு போய் அந்த மனுசியட வயித்தில அடிக்கிறது எங்கட வேலை இல்ல. நாங்க கதைச்சது, தண்ணிப் போத்தலைக் கண்மட்டத்துக்கு ஏத்த ஏலுமா, பள்ளிக்கூடம் விடுற அரை மணித்தியாலம் முன் மேசையில வாழைப்பழமும் சோளமும் வைக்க ஏலுமா எண்டு. விக்காம மிஞ்சின பழத்தை முதல் ரெண்டு கிழமை சங்கம் வாங்கிறது எண்டு வாக்குக் குடுத்தம். அதுதான் எங்களுக்கு வந்த செலவு, எழுதி வைச்சிருக்கிறம், தாங்கக்கூடிய செலவுதான்.

குறை எண்டா, இது பிள்ளைகளுக்கு. இப்ப நாப்பது வயசில பிரஷரோட நிக்கிற தகப்பனுக்கு இதால ஒண்டும் இல்ல. பலன் தெரிய வருஷக்கணக்காகும். அதிபர் மாறினா, குத்தகைக்காரர் மாறினா எல்லாம் திரும்ப முதல்ல இருந்து. அதால வாயால கதைச்சதை எல்லாம் குத்தகை ஒப்பந்தத்தில ஏத்தோணும், இதைச் செய்யாம விட்ட இடங்கள்ல அடுத்த தவணையே ரோல்ஸ் திரும்பி வந்திட்டுது.

நாலாவது: கருத்தரங்கு, போஸ்டர், சமையல் வகுப்பு

சுகாதாரக் கல்வியை நான் குறைச்சுச் சொல்லல்ல. எப்பிடிச் செய்யிறது எண்டதிலதான் எல்லாம் இருக்கு. மண்டபத்தில ஒரு டொக்டர் வந்து ஸ்லைட் போட்டுக் கதைச்சா, வாறது கிட்டத்தட்ட முழுக்கப் பெண்கள். அவங்க வீட்ட போய்ச் சீனியைக் குறைச்சா "தேத்தண்ணி வாயில வைக்க ஏலாது" எண்டு புருஷன்ட்ட ஏச்சு. சமைக்கிறவளுக்கு அறிவைக் குடுத்திட்டு, சாப்பிடுறவனைக் கூப்பிடாம விட்டா, பாரம் எல்லாம் அந்தப் பெண்ணிட தலையில. இது ஒருத்தரும் கணக்கில எடுக்காத செலவு.

எங்களுக்குச் சரிவந்தது ஒண்டு சொல்றன். ஒரு வெறும் ஜாம் போத்தலும் ஒரு கிலோ சீனியும் கொண்டு போனம். "உங்கட வீட்டில ஒராள் ஒரு நாளைக்குக் குடிக்கிற தேத்தண்ணிக்கு எத்தினை கரண்டி, அதைப் போத்தல்ல போடுங்க." ஒரு அக்கா போட்டா, மூண்டு கரண்டி, அஞ்சு தரம். பதினைஞ்சு கரண்டி. தட்டையா ஒரு கரண்டி 4 கிராம் எண்டாலும் 60 கிராம். அதையே ஏழு நாளைக்குப் போடச் சொன்னம், போத்தல் கழுத்து வரைக்கும் ஏறிட்டுது, 420 கிராம். அவ போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்துக்கொண்டே இருந்தா, "இதையா என்ர மனுசன் கிழமைக்குக் கிழமை..." எண்டிட்டுக் கதைக்கல்ல. அந்தப் போத்தலை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. கிழமைக்குக் கிழமை அரைக் கரண்டி அரைக் கரண்டியாக் குறைக்கிறது எண்டு எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தம். நாக்குப் பழகும், ஆனா ஒரேயடியாக் குறைச்சாப் பழகாது.

கல்வி பெரிசா வேலை செய்த இடமும் இருக்கு. பின்லாந்தில வட கரேலியா எண்ட மாகாணம், 1972 ல உலகத்திலயே ஹார்ட் அட்டாக் கூடின இடங்கள்ல ஒண்டு. பெக்கா புஸ்கா எண்ட இளம் டொக்டர் ஒரு குழுவோட அங்க இறங்கினார். மார்த்தா எண்ட பெண்கள் சங்கத்தோட சேர்ந்து ஊர் ஊராச் சமைச்சுக் காட்டினாங்க, பட்டரைக் குறைச்சு மரக்கறி எண்ணெய்க்கு மாத்தினாங்க, உப்பைக் குறைச்சாங்க. வேலை செய்யிற வயசு ஆம்பிளையளில ஹார்ட் சாவு சில பத்து வருஷத்தில 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது. ஆனா அந்தக் கதையைச் சொல்றவங்க மற்றப் பாதியை விட்டிடுவாங்க. அங்க சமையல் வகுப்போட நிக்கல்ல, பால் பண்ணைக்காரர் பழச் செடி வைக்க உதவி கிடைச்சது, கம்பனிகளிட சாப்பாடு மாறினது, 1977 ல இருந்து புகையிலைச் சட்டம். அறிவும் கடைச் சாமானும் சேர்ந்து மாறினபடியாத்தான்.

எங்கட நாட்டிலயே அதுக்கு உதாரணம் சிகரெட்தான். புகைத்தல் கூடாது எண்டு எத்தினையோ காலமாச் சொன்னாங்க. 2006 ல 27 ஆம் இலக்கச் சட்டம் வந்து விளம்பரம் நிண்டது, பொது இடத்தில மூடின கட்டடத்துக்குள்ள பத்தத் தடை, 21 வயசுக்குக் கீழ விக்கத் தடை, பிறகு பெட்டியில 80 சதவீதத்துக்குப் படம். இப்ப பஸ்ஸுக்குள்ள ஆராவது சிகரெட் பத்திறதைக் காண ஏலுமா? எங்கட சின்ன வயசில திருகோணமலை - கொழும்பு பஸ்ஸில புகைக்குள்ளதான் வந்தம். ஆனா பெட்டிக் கடையில ஒத்தைச் சிகரெட் வாங்கிறவன் அந்தப் படத்தைக் காண்றதே இல்ல. வெத்திலையோட புகையிலை போடுறதும் விட்டபாடில்ல, இலங்கை ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோயில முதலிடம் வாய்ப் புற்றுநோய்க்கு.

அஞ்சாவது: முன்கூட்டியே செக் பண்றது

2011 ல இருந்து ஆஸ்பத்திரிகள்லயும் எம்.ஓ.எச். பக்கத்திலயும் ஹெல்தி லைஃப்ஸ்டைல் சென்டர் எண்டு நடக்குது. பிரஷர், சீனி, நிறை, உயரம் பார்த்து, அடுத்த பத்து வருஷத்தில ஹார்ட் வருத்தம் வாற ஆபத்து எவ்வளவு எண்டும் சொல்லுவாங்க. காசு இல்ல. முதல்ல 40 வயசில இருந்து எண்டு தொடங்கி பிறகு 35 ஆக்கினாங்க.

குறை ஒண்டுதான், ஆம்பிளையள் வாறாங்க இல்ல. வேலை நாளில காலமை, வெறும் வயித்தோட வா எண்டா ஓட்டோக்காரன் எப்பிடி வருவான், கடலால வந்து அப்பத்தான் படுத்தவன் எப்பிடி வருவான்? என்ர மச்சான் மீன்பிடிக்கிறவர், 44 வயசு, ஒரு நாளும் பிரஷர் பார்க்காத ஆள். வள்ளம் கரைக்கு வாற நேரம் கரையில வைச்சே பார்க்க ஒழுங்கு செய்ய ஏலுமா எண்டு எம்.ஓ.எச். ஒபிஸ்ல கேட்டு, ஒரு நாள் ஒழுங்கு செய்தம். மீன் செதில் ஒட்டின கையோட வரிசையில நிண்டாங்க. 31 பேர்ல 9 பேருக்குப் பிரஷர் கூட, மச்சானுக்கும். ஒருத்தருக்கும் முதல்ல தெரியாது. கண்டுபிடிச்சாப் போதாது, பிறகு கிளினிக் கொப்பி எடுத்து மாசாமாசம் போகோணும், மருந்து கிடைக்கோணும், அதைப் பின்தொடர ஆள் வேணும். அந்த ஆள் இல்லாம முகாம் வைச்சா ஃபோட்டோதான் மிச்சம்.

ஒரே பார்வையில

| தெரிவு | ஆருக்குச் சேரும் | மனவுறுதி வேணுமா | தெரியாத செலவு | எங்கட கைக்கு எட்டுமா |
|---|---|---|---|---|
| வரி | எல்லாருக்கும் | வேணாம் | பீடி, கசிப்பு பக்கம் போறது. விலைவாசியோட வரி தேயிறது | எட்டாது, கடிதம் மட்டும் |
| கலர் வட்டம் | பக்கெட் வாங்கிறவங்களுக்கு | கொஞ்சம் | அம்பரை நல்லதெண்டு நினைக்கிறது | விளங்கப்படுத்தலாம் |
| கன்டீன், கேற்றடிக் கடை | பிள்ளைகளுக்கு | வேணாம் | குத்தகைக் காசு, கடைக்காரரிட வருமானம் | நல்லா எட்டும் |
| கல்வி | வாறவங்களுக்கு, கூடப் பெண்களுக்கு | கனக்க | சமைக்கிறவளுக்குப் பாரம் | எட்டும் |
| செக் பண்றது | 35 க்கு மேல, போனவங்களுக்கு | நடுத்தரம் | பின்தொடர ஆள், மருந்து | எம்.ஓ.எச். ஒத்துழைச்சா எட்டும் |

ஆருக்கு எது

பிள்ளைகள் படிக்கிற வயசில இருக்கிற பெற்றோர் கூடின சங்கம் எண்டா யோசிக்காம கன்டீனைப் பிடிங்க. கிண்ணியா வாப்பாவுக்கு நான் சொன்னது இதைத்தான், அவங்கட பள்ளிக்கூடத்தில குத்தகை இந்த வருஷக் கடைசியில முடியுது, அதுக்கு முதல் போனாத்தான் ஒப்பந்தத்தில எழுதலாம், பிந்தினா இன்னொரு வருஷம்.

மீன்பிடிச் சங்கம், ஓட்டோச் சங்கம், விளையாட்டுக் கழகம் மாதிரி ஆம்பிளையள் கூடின இடம் எண்டா செக் பண்றதைப் பிடிங்க. மூதூர்ப் பொடியனுக்கு, மெச் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மைதானத்தடியில வைக்கச் சொன்னன், வயசான ஆக்களும் பார்க்க வருவாங்க. ஆனா மாசாமாசம் போன் எடுத்து "கிளினிக் போனீங்களா அண்ணா" எண்டு கேட்க ரெண்டு பேர் பொறுப்பெடுத்தாத்தான் தொடங்கோணும்.

மாதர் சங்கத்துக்குக் கல்விதான் லேசு, ஆனா மேடையும் மைக்கும் வேணாம், ஜாம் போத்தலும் சீனியும் போதும், புருஷன்மாரையும் பிள்ளைகளையும் ஒரு நாளாவது கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்க. பாலையூற்றுத் தலைவி இதைக் கேட்டிட்டு "அவையள் வர மாட்டினம் அக்கா" எண்டா. இரவு ஏழு மணிக்கு ஆற்றையாவது முத்தத்தில வைச்சா வருவாங்க, நாங்க அப்பிடித்தான் வைச்சம், வந்தாங்க.

தேசியமட்டத்தில கதைக்கிற இடம் கிடைச்ச ஆக்கள், ஆசிரியர் சங்கம், வைத்தியர் சங்கம், பெரிய தொழிற்சங்கம் மாதிரி, வரியைப் பிடிங்க, விலைவாசியோட சேர்ந்து கூடுற மாதிரி வரி வைக்கச் சொல்லிக் கேளுங்க. அம்பரை உடைக்கச் சொல்லியும் கேளுங்க, 2 கிராமும் 11 கிராமும் ஒரே கலர்ல இருக்கிறது சரியில்ல. இதை நாங்க ஊர்ல இருந்து எவ்வளவு கத்தினாலும் கேட்காது, உங்களுக்குக் கேட்கும்.

எங்கட சங்கம் இந்த வருஷம் கன்டீனையும் கேற்றடிக் கடையையும்தான் எடுத்திருக்கு. செக் பண்றதுக்கு ரெண்டு பேரைத் தனியா விட்டிருக்கிறம், அதில ஒராள் என்ர மச்சான்.

எம்.ஓ.எச். கூட்டத்துக்குப் போறவங்க கையில கொண்டு போக வேண்டியதையும் சொல்லிடுறன். "ஆரோக்கியமான சமூகத்தை உருவாக்க ஆவன செய்யவும்" எண்டு கோரிக்கை எழுதாதீங்க, அதை ஃபைல்ல போட்டிடுவாங்க. எந்தப் பள்ளிக்கூடம், குத்தகை எந்தத் திகதி முடியுது, பி.எச்.ஐ. தவணைக்கு எத்தினை தரம் கன்டீன் பார்க்க வரோணும், பார்த்த அறிக்கையை ஆருக்குக் குடுக்கோணும், எந்தக் கரையில எந்த நேரம் பிரஷர் பார்க்கோணும், எங்கட பக்கத்தில ஆர் பொறுப்பு, இதை ஒரு பக்கத்துக்குள்ள எழுதுங்க. ரெண்டு கொப்பி எடுத்து, ஒண்டைக் குடுத்து, மற்றதில பெற்றுக்கொண்டதுக்கு கையெழுத்தும் திகதியும் வாங்கி வைச்சிருங்க. மூண்டு மாசத்தில அதையே கொண்டு திரும்பப் போங்க.